திருகோணமலையிலருந்து மட்டக்களப்புக்கு ஏ15 றோட்டால போறது எப்படி: துறை துறையா ஒரு வழிகாட்டி

திருகோணமலையிலருந்து மட்டக்களப்புக்கு எப்படிப் போறதெண்டு கேட்டா இப்பவும் வெளியூர்க்காரங்க கன பேர் ஹபரணை, பொலன்னறுவை சுத்தித்தான் போகணும் எண்டு நினைக்கிறாங்க. அப்படிப் போகத் தேவையில்ல. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, ஓட்டமாவடி வழியா ஏ15 றோட்டு கடற்கரையை ஒட்டினாப்போல நேராப் போகுது, தூரம் சுமார் 130 கி.மீ. தான். எங்கயும் நிக்காம ஓடினா காரில மூண்டு மணித்தியாலம் காணும், பஸ்ஸில கொஞ்சம் கூட எடுக்கும். ஆனா இந்த றோட்டில நிக்காம ஓடிப் போகாதீங்க எண்டு சொல்றதுக்குத்தான் இவ்வளவையும் எழுதுறன், ஏனெண்டா இந்த றோட்டோட கதை முழுக்க தண்ணியடியிலதான் கிடக்கு. ஒவ்வொரு பாலத்தடியிலயும் ஒரு அஞ்சு நிமிசம் நிண்டு பார்த்தாத்தான், இந்தப் பக்கத்துச் சனம் எத்தனை வருசம் என்ன பாடுபட்டு அந்தக் கரைக்குப் போய் வந்திருக்கு எண்டு விளங்கும்.

முதல்ல வெளிக்கிடுற நேரம். காலையில ஆறு ஆறரைக்கு வெளிக்கிடுங்க. பின்னேரம் வெளிக்கிட்டா வெருகல் தாண்டுறதுக்குள்ள இருட்டிப் போயிரும், அந்தப் பக்கம் யானை றோட்டுக்கு வரும், யானை இல்லாட்டியும் மாடுகள் றோட்டு நடுவில படுத்துக் கிடக்கும், தார் சூடா இருக்கிறதால ராவில அதுகளுக்கு அதுதான் படுக்கை, கறுப்பு மாடு கறுப்பு றோட்டில லைட் வெளிச்சத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். மோட்டார் சைக்கிளில போறவங்க இதைக் கட்டாயம் மனசில வைங்க. மாசத்தைப் பார்த்தா மாசி தொடக்கம் சித்திரை வரைக்கும் நல்ல காலம். ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கும், வெயிலும் கொளுத்தும், ஆனாலும் போகலாம். கார்த்திகை மார்கழியில வாடைமழை தொடங்கிட்டா மகாவலி பெருகும், மூதூர் வெருகல் பக்கம் தாழ்வான இடங்களில வெள்ளம் ஏறும், அந்த நாளில வெளிக்கிட முதல் மூதூரிலயோ வாகரையிலயோ தெரிஞ்ச ஆளுக்கு ஒரு கோல் எடுத்து றோட்டு திறந்திருக்கா எண்டு கேட்டுட்டுப் போங்க.

டவுனிலருந்து கண்டி றோட்டால வந்து சீனக்குடாப் பக்கம் திரும்பணும். இங்க ஒரு விசயம், வெளியூரிலருந்து வாறவங்க கூகுளில அடிக்கக்குள்ள கன்னியாவையும் கிண்ணியாவையும் மாத்திப் போட்டுடுவாங்க, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் அனுராதபுரம் போற ஏ12 பக்கம், அது வேற திசை. நாங்க போறது கிண்ணியா. சீனக்குடாவில பிறிமா மாவாலையின்ட பெரிய கட்டடங்களும், மரங்களுக்கு நடுவால பழைய எண்ணெய்த் தாங்கிகளும் தெரியும். அது வெள்ளைக்காரன் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முதல் தன்ட கடற்படைக் கப்பல்களுக்கு எண்ணெய் சேமிக்கக் கட்டினது, இப்ப 99 தாங்கி இருக்கு, 1942 ஏப்ரல் 9ம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட அண்டைக்கு இந்தத் தாங்கித் தொகுதியும் அடி வாங்கினது. பாதுகாப்புப் பகுதிகள் இருக்கிறதால இதில கமராவைத் தூக்கிக்கொண்டு இறங்காம, பார்த்துட்டு அப்படியே போயிருங்க.

அங்கால வெள்ளைமணல், அது முடிய கிண்ணியாப் பாலம். முதல் தரிப்பு இதுதான். பாலத்துக்கு மேல வாகனத்தை நிப்பாட்டாதீங்க, ஏறுறதுக்கு முதல் ஓரமா விட்டுட்டு நடந்து போங்க. நீளம் 396 மீட்டர், சவூதி நிதி உதவியில கட்டி 2009 ஒக்டோபரில திறந்தாங்க, திறக்கக்குள்ள நாட்டிலயே நீளமான பாலம் இதுதான். இடப்பக்கம் கொட்டியாரக்குடா விரிஞ்சு கிடக்கும், வலப்பக்கம் தம்பலகாமக் குடா. இதுக்கு முதல் இங்க இருந்தது பாதை. எங்கட பக்கத்தில பாதை எண்டு சொல்றது வாகனத்தையும் ஆக்களையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போற மிதவையை. பஸ் வந்து துறையடியில நிக்கும், ஆக்கள் இறங்குவாங்க, பாதை அந்தக் கரையில நிண்டா இங்க வந்து சேருமட்டும் காத்துக் கிடக்கணும், காத்து கடுமையா இருந்தா அதுவும் ஓடாது. பிள்ளைப்பேறுக்குப் போற பொம்பிளை, பரீட்சைக்குப் போற பிள்ளை, பெரியாஸ்பத்திரிக்குப் போற வயசாளி எல்லாரும் இதே துறையடியிலதான் நிண்டாங்க. கிண்ணியாவில அம்பது அறுவது வயசுக்கு மேல உள்ள ஆரைக் கேட்டாலும் பாதைக் கதை ஒண்டு இருக்கும், பாலத்தடியில ஒரு தேத்தண்ணிக் கடையில குந்தி ஒரு பிளேன்ரி குடிச்சுக்கொண்டு “வாப்பா, பாதை ஓடின காலம் எப்படி?” எண்டு கேட்டுப் பாருங்க, நான் இங்க எழுதுறதை விட நூறு மடங்கு அவங்க சொல்லுவாங்க.

பாதைக் காலம் முற்றாப் போயிட்டெண்டும் நினைக்காதீங்க. கிண்ணியாவிலயே குறிஞ்சாக்கேணியில, அது ஏ15ல இல்ல, ஊருக்குள்ள போற வேற றோட்டு, புதுப் பாலம் கட்டுற வேலை நடந்துகொண்டிருக்கக்குள்ள 2021 நவம்பர் 23ம் திகதி காலையில மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆக்கள் செத்துப் போனாங்க. ஒரு பாலம் ஒரு வருசம் பிந்தினா என்ன நடக்கும் எண்டு அந்தக் காலையில நாடே பார்த்தது. அதனாலதான் சொல்றன், இந்தப் பாலங்களை வெறும் கொங்கிறீட்டாப் பார்த்துட்டுக் கடந்து போகாதீங்க.

கிண்ணியா டவுனில பசியாறலாம், தயிர் வாங்கிறதெண்டாலும் இங்கயோ மூதூரிலயோ வாங்குங்க, எருமைத் தயிர், சட்டியில, கத்தி வைச்சு வெட்டுற மாதிரி இருக்கும். மட்டக்களப்பு வரைக்கும் கொண்டு போறதெண்டா சட்டி வாயை நல்லாக் கட்டித் தரச் சொல்லுங்க.

கிண்ணியா தாண்டினா அடுத்தடுத்து மூண்டு தண்ணி. உப்பாறு, கங்கை, இறால்குழி. மூண்டிலயும் முந்தி பாதைதான், அதாவது கிண்ணியாவோட சேர்த்து திருகோணமலையிலருந்து மூதூருக்கு றோட்டால போறதெண்டா நாலு தரம் துறையில நிக்கணும், சுமார் 30 கி.மீ. தூரத்துக்கு. அதனாலதான் மூதூர்ச் சனம் கன காலமா லோஞ்சையே நம்பி இருந்தது, டவுன் ஜெட்டியிலருந்து கொட்டியாரக்குடாவைக் குறுக்கறுத்து நேரா மூதூருக்கு. கடல் கொந்தளிச்சா அதுவும் இல்ல, கந்தளாய் வழியா அல்லை றோட்டால சேருநுவரவுக்கு வந்து சுத்தி வரணும். பிரான்ஸ் நாட்டு நிதியில இந்த றோட்டையும் பாலங்களையும் செய்து, 2011ல இந்த மூண்டு துறையிலயும் பாலம் வந்த பிறகுதான் மூதூரில காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு டவுனில வேலைக்குப் போற வாழ்க்கை வந்தது.

இதில கங்கைப் பாலத்தில கட்டாயம் இறங்குங்க. கீழ ஓடுறது மகாவலி. ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில தொடங்கி, கண்டியைச் சுத்தி, 335 கி.மீ. வந்து கொட்டியாரக்குடாவில கடலோட சேருற இடத்துக்குக் கிட்ட நீங்க நிக்கிறீங்க. நாட்டிலயே நீளமான ஆறு முடியிற இடம் இது, ஆனா ஒரு சுற்றுலா போர்டைப் பெரிசா நம்பி வராதீங்க, பாலமும் தண்ணியும் வலை போடுற ஆக்களும்தான். எனக்கு இந்த றோட்டிலயே ஆகப் பிடிச்ச இடம் இது. பாலத்தடியில கீழ பார்த்தா சில இடத்தில பழைய துறைக்கு இறங்கின றோட்டுத் துண்டு புல்லுக்குள்ள கிடக்கிறதைக் காணலாம், புதுப் பாலத்துக்குப் பக்கத்தில தண்ணியை நோக்கி நேராப் போய் சடக்கெண்டு முடியிற தார்த் துண்டு எங்க கண்டாலும் அது பழைய துறையடி எண்டு கண்டுகொள்ளலாம்.

மூதூர். கொட்டியாரம், கொட்டியாபுரம் எண்டு பழைய பேர். 1660ல இங்க ஆன் எண்டு ஒரு இங்கிலீசுக் கப்பல் வந்து நிண்டது, இந்தியாவில மசூலிப்பட்டினக் கரையில புயலில பாய்மரத்தை இழந்து, அதைத் திருத்தறதுக்கு வந்த கப்பல். கண்டி ராசா இரண்டாம் ராஜசிங்கன்ட ஆக்கள் கப்டனையும், அவர்ட மகன் ரொபேட் நொக்ஸையும் கொஞ்ச மாலுமிகளையும் பிடிச்சு உள்நாட்டுக்குக் கொண்டு போனாங்க. தகப்பன் அங்கயே செத்துப் போனார், மகன் பத்தொன்பது வருசம் கழிச்சு 1679ல தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பில ஒல்லாந்தரிட்டப் போய்ச் சேர்ந்தார். அவங்களைப் பிடிச்ச புளியமரத்தடி எண்டு சொல்ற இடத்தில 1893ல வைச்ச நினைவுக்கல் ஒண்டு இருக்கு, வெள்ளைக்காரன் மரத்தடி எங்க எண்டு ஊருக்குள்ள கேட்டாக் காட்டுவாங்க. நொக்ஸை உள்ளுக்குக் கொண்டு போனதை நினைச்சுப் பார்த்தா ஒண்டு விளங்கும், இந்தக் குடாவிலருந்து கண்டிக்கு ஒரு வழி அப்பவே பழக்கத்தில இருந்திருக்கு.

மூதூருக்குக் கிட்ட 64ம் கட்டை எண்டு ஒரு இடம். மைல் கட்டைக் கணக்கு. 64 மைலை கிலோமீட்டராக்கினா 103 வரும், மட்டக்களப்பிலருந்து இங்க உள்ள தூரத்தோட அது பொருந்துது, ஏனெண்டா இந்த றோட்டை எண்ணுறது மட்டக்களப்புப் பக்கத்திலருந்து. இப்ப கிலோமீட்டர்க் கட்டை நட்டு எத்தனையோ வருசம், ஆனாலும் பஸ்ஸில கொண்டக்டரிட்ட “64ல இறக்குங்க” எண்டுதான் சொல்லுவாங்க. இப்படிப் பேர்களைக் கவனிச்சுக்கொண்டு போனா றோட்டின்ட பழைய கணக்கு தானா வெளியால வரும்.

மூதூருக்குக் கிழக்கால சம்பூர். 2006ல யுத்தத்தில இடம்பெயர்ந்த சனம் தங்கட காணிக்குத் திரும்பி வாறதுக்கு பத்து வருசத்துக்குக் கிட்ட முகாம்களில இருந்தாங்க, கிளிவெட்டியில இருந்த முகாமை இந்த றோட்டால போனவங்க எல்லாரும் கண்டிருப்பாங்க. நேரம் இருந்தா சம்பூர்ப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் ஒருக்காப் போய் வாங்க, றோட்டை விட்டு விலகித்தான் போகணும்.

மூதூரில பெட்றோல் அடிச்சுட்டுப் போங்க, தண்ணிப் போத்தலும் வாங்குங்க. இனி றோட்டு கடலை விட்டு உள்ளுக்குத் திரும்பும், ரெண்டு பக்கமும் வயல், கிளிவெட்டி, பிறகு சேருநுவர. சேருவில விகாரை இந்தப் பக்கம்தான், இங்கருந்து மகாவலியை ஒட்டி சிவனொளிபாத மலைக்குப் போன பழைய யாத்திரைப் பாதை 2010ல யுனெஸ்கோவின்ட உத்தேசப் பட்டியலில ஏறினது. சேருநுவரவில கந்தளாய்ப் பக்கத்திலருந்து வாற றோட்டு வந்து சேரும், கண்டி, கொழும்புப் பக்கத்திலருந்து மூதூருக்கு வாறவங்களுக்கு அது ஒரு குறுக்கு வழி. காட்டுப் பக்கம், பகலில மட்டும் பாவிங்க.

சேருநுவரவுக்கு அங்கால வீடு குறையும், காடு கூடும். மாவிலாறு இந்தப் பக்கம்தான். 2006 ஜூலையில அந்த மாவிலாற்று அணைக்கட்டை மூடினதில தொடங்கின சண்டைதான் மூதூருக்கு வந்து, சம்பூருக்குப் போய், பிறகு இந்த றோட்டு வழியா வெருகல், கதிரவெளி, வாகரை எண்டு இறங்கினது. ஓகஸ்டில மூதூர்ச் சனம் முழுக்க வெளிக்கிட்டு ஓடினது, பிரான்ஸ் தொண்டு நிறுவனம் ஒண்டில வேலை செய்த 17 பேரை அந்த நாட்களில மூதூரில சுட்டுக் கொலை செய்தாங்க. மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுச் சனம் ஆற்றையும் காட்டையும் கடந்து வாகரைப் பக்கம் போனாங்க, அங்க கதிரவெளியில அகதிகள் இருந்த பள்ளிக்கூடத்தில நவம்பர் 8ம் திகதி ஷெல் விழுந்து நாப்பதுக்கு மேல சனம் செத்தது, 2007 ஜனவரியில வாகரையும் விழ திரும்பவும் நடை. இப்ப நீங்க ஏசி போட்டுப் போற அதே றோட்டு. இதைச் சொல்லாம இந்த றோட்டுக்கு வழி சொல்ல எனக்கு மனம் வரல்ல.

வெருகல் ஆறு மகாவலியிலருந்து பிரிஞ்சு வாற கிளை, திருகோணமலை மாவட்டத்துக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் எல்லை. பாலத்துக்கு இங்கால, ஆற்றங்கரையில சித்திர வேலாயுத சுவாமி கோயில். இதில குறைஞ்சது ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்க. ஆவணித் திருவிழாக் காலத்தில போனா மூதூர் மட்டக்களப்பு ரெண்டு பக்கத்துச் சனமும் ஆற்றங்கரையில கொட்டில் போட்டு இருப்பாங்க, வாகனம் விட இடம் இராது, தூரத்தில விட்டுட்டு நடக்கணும். வடக்கிலருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போறவங்க தங்கிப் போற கோயிலும் இதுதான். திருகோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், குமணைக் காடு எண்டு போற அந்த நடை ஏ15 எண்டு நம்பர் வைக்கிறதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முதலே இருந்தது. ஆடிவேல் திருவிழாவுக்கு முந்தின மாசங்களில போனா காவி வேட்டி, கையில வேல், தலையில மூட்டையோட றோட்டோரமா நடந்து போறவங்களைக் காணுவீங்க. வேகத்தைக் குறைங்க, ஏலுமெண்டா நிப்பாட்டி தண்ணியோ இளநியோ குடுங்க, வெயில் நேரத்தில அவங்களுக்கு அது பெரிய உதவி.

வெருகல் பாலம் கடந்தா கதிரவெளி, பால்சேனை, வாகரை. இப்ப கடல் திரும்பவும் இடப்பக்கம் வரும். இந்தக் கரையில கரையோர வேடர் வழி வந்த குடும்பங்கள் இருக்கு, தமிழ்தான் கதைப்பாங்க, மூதூர்ப் பக்கத்திலயும் இருக்காங்க. மகியங்கனைப் பக்கம் மட்டும்தான் வேடர் எண்டு நினைக்கிறவங்களுக்கு இது புதுசா இருக்கும். காட்சிப் பொருள் பார்க்கப் போற மாதிரி கமராவோட வீட்டு வாசலில போய் நிக்க வேணாம், அது அழகில்ல.

வாகரையில மத்தியானச் சாப்பாடு. கடல் மீன், நண்டு, களப்பு இறால், எது வந்திருக்கோ அதைக் கேட்டுச் சாப்பிடுங்க, மெனு பார்த்துக் கேக்கிற இடமில்ல இது. 2004 சுனாமி அடிச்ச கரை, பிறகு ரெண்டு வருசத்தில யுத்தம், ரெண்டையும் தாங்கி எழும்பின ஊர், ஒரு சாப்பாட்டுக் காசு அந்த ஊரில செலவழிச்சாலும் நல்லம். சாப்பிட்டு அங்கால போனா பனிச்சங்கேணிப் பாலம், களப்பு கடலோட சேருற வாய், பின்னேர வெயிலில இந்த இடம் மாதிரி ஒண்டை இந்த றோட்டில வேற எங்கயும் காண ஏலாது. அதுக்கங்கால மாங்கேணி, காயாங்கேணி. காயாங்கேணிக் கடலில பவளப்பாறை இருக்கு, 2019ல அந்தக் கடல் பகுதியைச் சரணாலயமா அறிவிச்சாங்க, அதனால கல்லுத் துண்டு, சிப்பி எண்டு ஒண்டும் எடுக்காதீங்க.

பிறகு ஓட்டமாவடிக்குக் கிட்ட திருக்கொண்டியாமடுவில ஏ11 வந்து சேரும், மரதன்கடவலையிலருந்து ஹபரணை, பொலன்னறுவை வழியா வாற றோட்டு அது, முந்தி சுத்தி வந்த ஆக்கள் எல்லாம் வந்து ஏறின இடம் இதுதான். ஓட்டமாவடியில ரெண்டு பாலத்தையும் பாருங்க, பழைய இரும்புப் பாலத்தில றெயிலும் வாகனமும் ஒரே தட்டில போனது, றெயில் வாற நேரம் கேற்றைப் போட்டுட்டு ரெண்டு பக்கமும் வாகனம் வரிசையில நிக்கும். இப்ப வாகனத்துக்குத் தனிப் பாலம்.

வாழைச்சேனை, கடதாசி ஆலை ஊர், அதுக்குப் பிறகு றோட்டில சனம் கூடும், ஓட்டோ கூடும், வேகம் தானாக் குறையும். கிரான், சந்திவெளி, முறக்கொட்டாஞ்சேனை, சித்தாண்டி, வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழகம், செங்கலடியில பதுளை றோட்டு வந்து சேருது, ஏறாவூர், அப்படியே மட்டக்களப்பு. இதில பள்ளிக்கூடம் விடுற நேரத்தை மட்டும் கவனிங்க, ரெண்டு மணியை அண்டி சைக்கிள் பிள்ளைகள் றோட்டு முழுக்க வருவாங்க.

பஸ்ஸில போறவங்களுக்கு: திருகோணமலை பஸ் ஸ்டாண்டில இ.போ.ச. எண்டு சொல்ற அரசாங்க பஸ்ஸும் பிரைவேட்டும் ரெண்டும் இருக்கு, ஏற முதல் “மூதூர் வழியாவா?” எண்டு கேளுங்க, சும்மா மட்டக்களப்பு போர்டைப் பார்த்துட்டு ஏறாதீங்க. இடப்பக்க ஜன்னல் சீட் பிடிச்சா கொட்டியாரக்குடாவும் வாகரைக் கடலும் உங்கட பக்கம். வெருகலில இறங்கி கோயிலைப் பார்த்துட்டு அடுத்த பஸ்ஸில ஏறலாம், ஆனா மத்தியானத்துக்குப் பிறகு இறங்குறதெண்டா கடைசி பஸ் எத்தனைக்கு எண்டு கொண்டக்டரிட்டக் கேட்டுட்டு இறங்குங்க.